ஓட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி

மாசியில சம்பா அறுப்பு முடிஞ்சு களம் காலியாச்சுன்னா எனக்கு வெளியூர்லேர்ந்து போன் வர ஆரம்பிச்சுடும். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர்னு எங்கெங்கேயோ இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைங்க. "அண்ணே, ஊர்ல வீட்டுக்கு ஓடு மாத்தலாம்னு இருக்கோம். நல்ல ஆளா ஒருத்தர் சொல்லுங்க. எவ்வளவு ஆகும்?" யார் செய்வாங்க, எவ்வளவு ஆகும். இந்த ரெண்டு கேள்விதான். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன செஞ்சு வைக்கணும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

என்னைக் கேட்டா, கூரை வேலையில முக்கால்வாசி முதல் ஓட்டைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். மிச்சம் கால்வாசிதான் ஆசாரியோட வேலை. அந்த முக்கால்வாசியை யாரும் காண்ட்ராக்ட்ல செஞ்சு தர மாட்டாங்க. ஜிபேயில அனுப்பவும் முடியாது. வீட்டுக்காரங்க வந்து நிக்கணும். இதைச் சொன்னா, "லீவு கிடைக்காதுண்ணே" என்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் எப்படியோ கிடைச்சுடுது.

மாடி வீட்டிலேயே இருந்து பழகினவங்களுக்கு ஒண்ணு விளங்கறதில்லை. தளத்து மேல ஆள் ஏறி ஒழுகலை அடைச்சா, கீழே நீங்க பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு இருக்கலாம். ஓட்டு வீடு அப்படியில்லை. காலையில எட்டு மணிக்கு வீடா இருந்தது, மதியம் சாப்பிடற நேரத்துக்கு நாலு சுவர் வச்ச வெட்டவெளி ஆகிடும். அம்மாவோட கட்டில், பத்தாயத்து நெல்லு, பட்டா பத்திரம், சுவிட்ச் போர்டு எல்லாத்துக்கும் மேல வானம். ஐம்பது வருஷத்து ஒட்டடை, எலிப் புழுக்கை, அணில் சேத்து வச்ச தேங்காய் நார், எல்லாம் கீழே வந்து இறங்கும். இது ரிப்பேர் இல்லைங்க. வீட்டைப் பாதி காலி பண்ற வேலை.

முதல்ல மாத்தியே ஆகணுமா என்று பார்க்க வேண்டும். அதுக்கு ஏணி வேண்டாம். நல்ல வெயில் நேரத்துல கதவு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு நடுக்கூடத்துல நின்னு அண்ணாந்து பாருங்க. ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஆனா ஓட்டை இருக்கிற இடமும் தண்ணி சொட்டுற இடமும் ஒண்ணா இருக்காது. மேல உள்ளே வர்ற தண்ணி, கைமரத்தைப் புடிச்சுக்கிட்டே ரெண்டு மூணு அடி கீழே ஓடி வந்து அப்புறம்தான் சொட்டும். இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. வீட்ல இருக்கிற வயசான பொம்பளைங்ககிட்ட, "மழை பெய்ஞ்சா எங்கெங்க பாத்திரம் வைப்பீங்க?"ன்னு கேளுங்க. குண்டா எங்கே, அன்னக்கூடை எங்கே, சாரல் எந்தப் பக்கம் அடிச்சா எந்த மூலையில சாக்கு போடணும், எல்லாம் சொல்வாங்க. நாப்பது ஐப்பசி கார்த்திகை பாத்தவங்க. எந்த இன்ஜினியரும் அவ்வளவு துல்லியமா சொல்ல மாட்டார். அதை ஒரு தாள்ல குறிச்சு வச்சுக்குங்க. கடைசியில வேண்டியிருக்கும்.

அப்புறம் மரம். எங்க பக்கம் பழைய வீடுகள்ல கைமரம் பெரும்பாலும் பனங்கைதான். பனை வெளிப்பக்கம்தான் வைரம். உள்ளே சோறு. கரையான் உள்ளே புகுந்து மெத்தையைத் தின்னுட்டு, வெளித்தோலை அப்படியே கறுகறுன்னு விட்டு வச்சிருக்கும். பாக்கிறதுக்குக் கல்லு மாதிரி இருக்கும். சின்ன சுத்தியலால தட்டிப் பாத்தா, நல்ல மரம் கணீர்ங்கும், கெட்டது பொத்துங்கும். ஸ்க்ரூடிரைவர் வச்சுக் குத்திப் பாத்தாலும் தெரிஞ்சுடும். முக்கியமா மூணு இடம்: கை வந்து சுவர் மேல உட்கார்ற நுனி, ரெண்டு கூரை சேர்ற கூடல்வாய், முகட்டு ஓட்டுக்கு நேர் கீழே. இந்த மூணும் நல்லா இருந்தா, ரீப்பர் மட்டும் மாத்தி, உடைஞ்ச ஓட்டை மாத்தி, முகட்டைப் பூசினாலே போதும். மொத்தமும் மாத்தணும்னு சொல்ற காண்ட்ராக்டரை நான் உடனே நம்பறதில்லை. அவருக்கு அதுல ரெண்டு லாபம். புது மரத்துல ஒண்ணு, கழிச்சுக் கட்டின பழைய மரத்துல ஒண்ணு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். விறகு அடுப்பு இருந்தவரைக்கும் அடுப்படிக் கூரை மரத்துல புழு விழுந்து நான் பார்த்ததில்லை. புகை ஏறி ஏறி மேல ஒரு கருப்புப் பூச்சு. கேஸ் அடுப்பு வந்தது நம்ம வீட்டுப் பொம்பளைங்க கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா அந்தப் புகை செஞ்ச வேலையை இப்போ வேற ஏதாவது செய்யணும். அடுப்படிக் கைமரத்தைத் தனியா, கூடுதலா ஒரு தடவை தட்டிப் பாருங்க.

"எதுக்கு இத்தனை பாடு, ஓட்டைத் தூக்கிட்டு காங்கிரீட் போட்டுடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. சீமை ஓடுன்னா நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். அதோட எடை 350 கிலோவுக்குக் குறையாது. நாலு இஞ்ச் கனத்துல காங்கிரீட் போட்டா அதே நூறு சதுர அடிக்கு 2,300 கிலோ வரும். கிட்டத்தட்ட ஆறு ஏழு மடங்கு. மண் சுவர், இல்லைன்னா செம்மண் சாந்துல கட்டின செங்கல் சுவர், இதைத் தாங்கும்னு யார் சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. தர மாட்டாங்க. காங்கிரீட் வேணும்னா சுவரையும் கடக்காலையும் சேத்து யோசிக்கணும். அது கூரை மாத்தறது இல்லை, புது வீடு கட்டறது. தகர ஷீட்டைப் பத்தி எங்க பக்கத்து ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடிச்சபோது ஷீட்டுங்க பறந்ததைக் கண்ணால பாத்தவங்க நாங்க. ஓட்டு வீடும் அன்னைக்குத் தப்பிக்கலை, ஓடுங்க சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சுது. ஆனா ஓடு போனா நாலு ஓடு, நாப்பது ஓடு. ஷீட்டு பிடுங்கிக்கிட்டுப் போனா மொத்தக் கூரையும் போச்சு, போற வழியில யார் கழுத்துல இறங்கும்னும் தெரியாது. போடறதுன்னா காத்துக்குத் தாங்கற மாதிரி சட்டத்தோட சேத்து முடுக்கணும். சித்திரை வெயில்ல அதுக்குக் கீழே உங்களால ஒரு மத்தியானம் படுக்க முடியுமான்னும் நீங்களே படுத்துப் பாத்துக்கணும்.

சரி, மாத்தறதுன்னே முடிவாச்சு. எப்போ? டெல்டாவில எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு சந்துதான் இருக்கு. மாசிக் கடைசியில ஆரம்பிச்சு பங்குனி முடியறதுக்குள்ள. தையில அறுப்பு, ஆள் கிடைக்காது. சித்திரையில கோடை மழை எந்த சாயங்காலம் வேணும்னாலும் இடியோட இறங்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்புன்னா குறுவைக்கு நாத்து விட எல்லாரும் வயலுக்குப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் ஆடிக் காத்து. ஐப்பசியைச் சொல்லவே வேண்டாம். இந்தச் சந்துக்கு நடுவுலயும் ஊர்ல மாரியம்மன் கோயில் காப்புக் கட்டு எந்த நாள்னு விசாரிச்சுக்குங்க. காப்புக் கட்டிட்டா உங்க வேலைக்கு ஆள் வராது. வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வந்தா, அவங்க ஊர்லயும் அப்பதான் காப்புக் கட்டியிருப்பாங்க.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்பதான் வர்றேன்.

பக்கத்துத் தெருவுல ஒரு பெரியம்மா. 78 வயசு. மகன் நல்ல பிள்ளை, மாசா மாசம் பணம் வரும், தினம் போன் வரும். அம்மா வீடு ஒழுகுதுன்னு வருத்தப்பட்டு, வாட்ஸ்அப்புலயே போட்டோ பாத்து, வாட்ஸ்அப்புலயே ரேட் பேசி, ஒரு காண்ட்ராக்டருக்கு முன்பணமும் அனுப்பிட்டார். எல்லாம் சரி. பெரியம்மாவுக்கு வேலை நடக்கப் போகுதுன்னு தெரியும். நாளைக்குங்கறது தெரியாது. திங்கக்கிழமை காலையில அவங்க பழையது சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஆறு பேர் வந்து மேல ஏறிட்டாங்க. தூசி தாங்காம எதிர்வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்தாங்க. ராத்திரி அங்கேயே படுக்கை. கழிவறைக்கு இருட்டுல தெருவைத் தாண்டித் தன் வீட்டுக் கொல்லைக்கு வரணும். மாத்திரை டப்பா மூட்டைங்களுக்கு நடுவுல எங்கேயோ சிக்கிக்கிட்டுது. மூணாம் நாள் காண்ட்ராக்டர், "ரெண்டே நாள்"னு சொல்லிட்டு ஆளுங்களை வேற ஊர் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அஞ்சாம் நாள் ராத்திரி மழை. மூடி வச்சிருந்த தார்ப்பாய்ல பாதி கிழிசல்.

பரண்ல வச்சிருந்த சீரகச் சம்பா விதை நெல்லு ரெண்டு மூட்டை நனைஞ்சு முளை கட்டிடுச்சு. அவங்க அதைப் பத்திச் சத்தம் போடலை. "எனக்கு முந்தின நாள் சொல்லியிருந்தா நானே எடுத்து வச்சிருப்பேனே தம்பி" என்றார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்டதுலேர்ந்து, ஓடு மாத்தணும்னு போன் பண்றவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கிற முதல் கேள்வி, "அம்மாவை எங்க படுக்க வைக்கப் போறீங்க?"

இதுக்குப் பதில் இல்லாம வேலை ஆரம்பிக்கக் கூடாதுங்கறதுதான் என் கட்சி. "பத்து நாள் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துடறேன்"ங்கறது சுலபமான பதில். நிறைய பேர் வர மாட்டாங்க. மாட்டை யார் பாப்பா, வீட்டை யார் பாப்பாம்பாங்க. அவங்க சொல்றது வீம்பு இல்லை, நியாயம். அப்படின்னா உள்ளூர்லயே, சொந்தமோ பக்கத்து வீடோ, ஒரு அறை பேசி வைங்க. கழிவறை பக்கத்துல இருக்கணும், ராத்திரி போற வழியில லைட் இருக்கணும். இருபது நாள் மாத்திரை, கண்ணாடி, டார்ச், போன் சார்ஜர், ரெண்டு மாத்துத் துணி, இதெல்லாம் ஒரு தனிப் பையில அவங்க கையிலயே இருக்கணும். சமையலுக்கு ஒரு ஏற்பாடு. இவ்வளவும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாளே நடந்து, ஒரு ராத்திரி அங்க படுத்துப் பாத்துடணும். ஓட்டைப் பிரிக்கிற அன்னைக்குக் காலையில அவங்களைக் கிளப்பக் கூடாது.

சாமான்களில் முதலில் காகிதம். டிரங்குப் பெட்டியில இருக்கிற பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம். அதைப் பெட்டியோட பரண்ல விட்டுட்டு மேல தார்ப்பாய் போடறவங்களைப் பாத்திருக்கேன். வேண்டாம். பாலிதீன் பைக்குள்ள போட்டுக் கட்டி, நம்பிக்கையான வேற வீட்டுக்குப் போயிடணும். அப்புறம் நெல்லு. பத்தாயத்துல இருக்கிறதை முடிஞ்சா வித்துடுங்க, இல்லைன்னா மூட்டை புடிச்சு வேற இடத்துக்கு மாத்துங்க. பத்தாயத்தை நகத்த முடியாது, அது கதவைவிடப் பெரிசு. அதைக் காலி பண்ணி, மூடி, மேல ரெண்டு சுத்துத் தார்ப்பாய். விதை நெல்லைத் தனியாச் சொல்றேன்: அதை நீங்க இடம் மாத்தாதீங்க, வீட்ல யார் அதைப் பாத்துக்கிறாங்களோ அவங்க கையால எந்த மூலைன்னு காட்டச் சொல்லி வைங்க. பரண்ல என்ன இருக்குன்னு நீங்க நினைக்கிறதைவிட நாலு மடங்கு இருக்கும். சீர் வந்த பித்தளை அண்டா, தொட்டில் கம்பு, தாத்தா காலத்து மரக்கால். ஒரு முழு நாள் ஒதுக்குங்க. எதைத் தூக்கிப் போடலாம்னு அன்னைக்குப் பேச்சை ஆரம்பிக்காதீங்க, வீட்ல சண்டை வரும், வேலை நிக்கும். ஊஞ்சலைக் கழட்டணும், சங்கிலியோட கொக்கியையும் சேத்து. சுவர்ல மாட்டியிருக்கிற போட்டோ எல்லாம் இறங்கணும். சுத்தியல் அடி உத்திரத்துல விழுந்தா சுவர் முழுக்க அதிரும். சாமி படத்தை எப்போ, யார் எடுக்கிறதுன்னு பெரியவங்க ஒரு வழக்கம் வச்சிருப்பாங்க. அதுக்கு அரை மணி நேரம் கொடுத்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

கரண்ட் விஷயத்துல யாரையும் நம்பாதீங்க. பழைய ஓட்டு வீட்ல வயர் எல்லாம் உத்திரத்தையும் கைமரத்தையும் ஒட்டித்தான் ஓடும். எலி கடிச்சு, தோல் உரிஞ்சு, எந்த இடத்துல செம்பு வெளியே தெரியுதுன்னு பிரிச்சாத்தான் தெரியும். ஆசாரி கடப்பாரையைப் போடறது அங்கேதான். மெயினை ஆஃப் பண்ணிட்டோம்னு சொல்வாங்க. மெயினுக்கு முன்னாடி, கம்பத்துலேர்ந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். அது பெரும்பாலும் கூரை ஓரத்துல ஒரு பைப்புலதான் கட்டியிருக்கும், ஏணி சாத்தற அதே இடத்துல. மின்வாரிய ஆபீஸ்ல முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வேலை முடியறவரைக்கும் அதை எடுத்துடணும். கொஞ்சம் அலைச்சல்தான். மேல நிக்கிறவர் கையில இருக்கிறது இரும்புக் கடப்பாரைங்கறதை நினைச்சுக்கிட்டு அலையுங்க. பத்து நாளைக்கு டார்ச், சார்ஜ் பண்ற லைட்டு. மோட்டார் ஓடாது, அதனால தண்ணி புடிச்சு வைக்கணும். இது பல பேருக்கு முதல் நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

கூரையில நாம மட்டும் குடியிருக்கலை. எலி இருந்தா சாரை வரும், சாரை இருக்கிற இடத்துல கட்டுவிரியன் இல்லைன்னு சொல்ல முடியாது. தேளும் பூரானும் ஓட்டு இடுக்குல கணக்கில்லாம இருக்கும். எறவாணத்துல கதண்டு கூடு கட்டியிருக்கான்னு ரெண்டு நாள் முன்னாடியே, வெயில் நேரத்துல, தூரத்துல நின்னு பாருங்க. தெரியாம அதுமேல ஏணியைச் சாத்தினா உயிருக்கே ஆபத்து. பாம்போ கதண்டோ தெரிஞ்சா நாமளா வீரம் காட்ட வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடிச்சா வருவாங்க. மேல ஏறுறவங்க ஓட்டைத் தூக்கும்போது கையுறை போடணும்னு நீங்களே வாங்கிக் கொடுங்க. அவங்க போட மாட்டேம்பாங்க, வாங்கிக் கொடுங்க.

முன்வீடு ஓடா இருந்தாலும் பின்கட்டுலயோ மாட்டுக் கொட்டகையிலயோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிற வீடு நிறைய. இப்ப அதையும் சேத்து எடுத்துடலாம்னு சுத்தியலால நாலு போடு போடுவாங்க. அது கல்நார். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுல இன்னும் கடையில விக்கிறதால யாருக்கும் பயமில்லை. ஷீட்டு சும்மா மேல கிடக்கும்போது பெரிய பாதிப்பு இல்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அதனால முதல்ல தண்ணி தெளிச்சு நனைக்கணும். மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயர் வேண்டாம், புதுசா ஒரு கைத்தெளிப்பான் வாங்கினாப் போதும். போல்ட்டைக் கழட்டி முழு ஷீட்டா இறக்கணும். கிரைண்டர் கூடவே கூடாது. மூக்குக்கு நல்ல என்-95 மாஸ்க், துண்டு போதாது. கீழே விழுந்த தூளை விளக்கமாத்தால பெருக்காம ஈரத்துணியால துடைச்சு, துணியோட பையில போட்டுக் கட்டிடணும். மாடும் பிள்ளைங்களும் அன்னைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது. உடைஞ்ச துண்டை வரப்புக்கு அணை கொடுக்கவும் சேறு வழியில போடவும் யாராவது கேட்டு வருவாங்க. கொடுக்காதீங்க.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசிடறது நல்லது. எங்க ஊர்ல நான் பாத்த வீட்டுச் சண்டைகள்ல பாதி எறவாணத் தண்ணியில ஆரம்பிச்சது. கூரையை ரெண்டு அடி உசத்தினா, இல்லை அரை அடி நீட்டினா, தண்ணி விழற இடம் மாறும். மூணு தலைமுறையா உங்க சந்துல விழுந்த தண்ணி திடீர்னு அவர் சுவர்ல அடிக்கும். பொதுச் சுவர்னா இன்னும் சிக்கல், உங்க உத்திரம் அவர் பக்கம் எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். வேலைக்கு முன்னாடி அவரையும் கூட வச்சுக்கிட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்குங்க. எறவாணம் எவ்வளவு நீளம், தரையிலேர்ந்து எவ்வளவு உயரம், ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் வச்சுக்கலாம். இது போனில் பேசற விஷயம் இல்லை. அவர் திண்ணையில போய் உட்கார்ந்து, ஒரு காபி குடிச்சுப் பேசற விஷயம்.

சாமான் எல்லாம் வந்து சேராம ஒரு ஓட்டைக்கூட எடுக்க விடாதீங்க. காண்ட்ராக்டர், "மரம் நாளைக்கு வந்துடும், இன்னைக்குப் பிரிக்க ஆரம்பிச்சுடலாம்" என்பார். அந்த நாளைக்கு வராது. புதுச் சட்டம், ரீப்பர் எல்லாம் வந்து, நிழல்ல காய்ஞ்சு, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி, அது உள்ளே இறங்கி இருக்கணும். அந்த எண்ணெய் கரையானுக்கு நல்லது, கைக்கு ஆகாது, பட்டா பொத்துப் போயிடும், கையுறையோட பூசணும். பனங்கை வேணும்னா பழைய வீடு பிரிக்கிற இடத்துல தேடுங்க. பனையை வெட்டறதுன்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. எனக்கு அது நல்ல முடிவுன்னுதான் படுது. நாட்டு ஓடு சுடற ஆளுங்க எங்க சுத்து வட்டாரத்துல இப்ப இல்லை. உடையற ஒவ்வொரு நாட்டு ஓட்டுக்கும் மாத்து, யாரோ இடிச்ச வீட்லேர்ந்துதான் வரணும். சீமை ஓட்டுலயும் ஒரு கம்பெனி ஓடு இன்னொண்ணோட பல்லுல உட்காராது. பழைய ஓட்டுக்குப் பின்னாடி கம்பெனி பேர் அச்சா இருக்கும். ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க. தார்ப்பாய் ரெண்டு, கூரை முழுசையும் மூடற அளவு, புதுசா. முகட்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கயித்தால இழுத்துக் கட்ட முளைக்குச்சியும் அடிச்சு வைங்க.

பிரிக்கிற அன்னைக்கு ரெண்டே ரெண்டு விஷயம் நீங்க நின்னு பாக்கணும். முகட்டுலேர்ந்து ரெண்டு சரிவையும் சமமாப் பிரிச்சுக்கிட்டு வரணும். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி பண்ணிட்டு மறுபக்கம் டன் கணக்குல ஓடு நின்னா, பழைய மரம் சாயும், மண் சுவர் வெளியே தள்ளும். அடுத்தது, சாயங்காலம் நாலு மணிக்குள்ள மூடிக் கட்ட முடியற அளவுதான் அன்னைக்குப் பிரிக்கலாம். வானம் நீலமா இருந்தாலும் சரி. இறக்கின ஓட்டைப் படுக்க வச்சு அடுக்கினா அடியில இருக்கிறது நொறுங்கும், நிக்க வச்சு அடுக்கணும். சுவரை ஒட்டி வேண்டாம், அந்த இடுக்குல ராத்திரியே பாம்பு வந்து படுத்துக்கும். நல்லது எத்தனை, உடைசல் எத்தனைன்னு சாயங்காலம் எண்ணி எழுதிடுங்க. கழிச்ச மரத்தை உடனே யாருக்கும் பேசிடாதீங்க. வைரமா இருக்கிற துண்டு, வாசப்படிக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ ஆகும். ஆணியெல்லாம் பிடுங்கி, ஒரு காந்தத்தைக் கயித்துல கட்டி வாசல் முழுக்க இழுத்துடுங்க. வெறுங்காலோட நடக்கிற ஊர்.

கூலி அன்னன்னைக்குக் கொடுத்துடணும், அதுல பேரம் வேண்டாம். சித்தாளுக்கு அது அன்னைக்கு ராத்திரிச் சோறு. காண்ட்ராக்டரோட கணக்கு வேற. மொத்தத்துல பத்துல ஒரு பங்கை முதல் மழை வரைக்கும் கையில வச்சுக்கிறதுன்னு வேலை பேசற அன்னைக்கே பேசி எழுதிக்குங்க. நல்ல ஆளுன்னா ஒத்துக்குவார். அந்த மழை வர்ற அன்னைக்கு நீங்க ஊர்ல இருக்க முடியாது, தெரியும். அம்மாகிட்ட சொல்லி, அந்தத் தாளை எடுத்து, குண்டா வச்ச இடம், அன்னக்கூடை வச்ச இடம், சாக்கு போட்ட மூலை, ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போன் பண்ணச் சொல்லுங்க. அவங்க சரின்னு சொன்ன பிறகு பாக்கிப் பணத்தை அனுப்பினாப் போதும்.